அக்கா பந்து போடும் இடம்

வாலிபால் பக்கத்துக்கு ஆறு பேர் ஆடும் ஆட்டம். நான் நிற்கும் பக்கத்தில் மட்டும் ஐந்து பேரும் ஓர் இடைஞ்சலும் இருப்பார்கள். இதை முதலில் கண்டுபிடித்தவர் அக்கா. வாயால் சொல்லவில்லை. பந்தால் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூடிக்கிடக்கும் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்து மைதானம். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று சாம்பல் நிறப் பொடியைக் கொண்டுவந்து எங்கள் தலையில் தூவிவிட்டுப் போகும். அக்கா சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்பார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்திருப்பார். பந்து இடது உள்ளங்கையில் இருக்கும். ஆனால் அவர் பந்தைப் பார்க்கமாட்டார். எங்களைப் பார்ப்பார், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, முகம் முகமாக, கொஞ்சமும் அவசரம் இல்லாமல். அந்தப் பார்வை நகர்ந்துகொண்டே இருக்கிறவரை எல்லாருக்கும் நல்லது. எங்கே நிற்கிறதோ அங்கே இருப்பவனுக்கு அன்றைய பொழுது முடிந்தது.

என்னிடம்தான் நிற்கும்.

உடனே என் வயிறு, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜில் ஏறி சரசரவென்று கீழே போகும். நான் கேஜில் ஏறியதே இல்லை. சுரங்கத்தை மூடும்போது பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் தோற்றுக்கொண்டிருந்தேன். ஆனாலும் எங்கள் ஊரில் வயிறு இறங்கினால் அப்படித்தான் இறங்கும். அப்பன் பாட்டன் சொத்தாக எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

அக்காவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. அவரைவிட மூத்த பென்ஷன்காரர்களுக்கும் அவர் அக்காதான். பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் சட்டைகளில் எங்கே நூல் பிரிந்திருக்கிறது, எங்கே காலர் கோணியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். நானும் அதே விடியற்காலை ரயிலில் போய்வந்தவன். ஒரு சரக்குக் கிடங்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தூங்காமல் இருக்கும் வேலை. ஒருநாள் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ஏறியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஹேண்ட்பேகில் இருந்து ஓர் அம்பை எடுத்து என் சட்டையின் நடுவில் ஒட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதை மறந்துபோய் அப்படியே ஆபீஸுக்குள் போனேன். அம்பு காட்டுவது தெறிக்கப் போகும் பட்டனையா, தெறிக்க வைக்கும் வயிற்றையா என்று அங்கே ஒரு விவாதமே நடந்தது. சாயந்திரம் வயிறு ஜெயித்தது. அடுத்த ஞாயிறே நான் வாலிபால் ஆட வந்துவிட்டேன்.

இந்தக் கண் அவருக்குக் கம்பெனியில் வந்ததல்ல. அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் மேல்பாறையைக் கம்பியால் தட்டிப் பார்க்கிற வேலையில் இருந்தவர். தட்டினால் கணீரென்று கேட்டால் பாறை பிடிப்பாக இருக்கிறது. டொக்கென்று கேட்டால் உள்ளே காலி, எப்போது வேண்டுமானாலும் விழும். அக்காவும் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டு ஹாலுக்குப் புது டைல்ஸ் போட்டபோது பார்க்க வந்தார். வந்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்று சொல்லிவிட்டு கேசரி சாப்பிட்டார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போய், டிவிக்கு முன்னால் நின்றார்.

"இங்க காலியா கீது."

என் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. மேஸ்திரி, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நான் கேரண்டி" என்றார். அக்கா கேசரியை வாங்கிக்கொண்டு, காலி இல்லாத கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் உட்கார்ந்தார். மழைக்காலம் வருவதற்குள் அந்தக் கல் குறுக்கே விரிசல் விட்டது. என் மனைவி கோபித்துக்கொண்டது மேஸ்திரியை அல்ல, அக்காவை.

"நல்ல நாள் அதுவுமா இன்னாத்துக்குக்கா அப்படிச் சொன்னீங்க?" என்று ரயிலில் ஒருதரம் கேட்டேன்.

"காலின்னு காதுல கேட்டுட்டு சும்மா வந்தா, அடுத்த ஷிஃப்ட்காரன் அதுக்குக் கீழதான போய் நிப்பான்? எங்கப்பா எதுக்கு வேணா வாய மூடிக்குவாரு. இதுக்கு மாட்டாரு."

டைல்ஸ் என்பதால் நான் சிரித்தேன். பின்னால் ஒரு நாள் அவருடைய அந்தக் காது எங்கள் பிள்ளைகள் ஏறிப்போகும் வண்டியின் மேலேயே வந்து நின்றபோது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சின்ன விஷயம், சீக்கிரம் முடிந்துவிடும். முதல் மாதம் முழுக்க அக்கா போட்ட பந்துகள் என் கையில் பட்டு எங்கெங்கோ போயின. ஒன்று சயனைடு மேட்டில் ஏறியது. ஒன்று மேய்ந்துகொண்டிருந்த மாட்டின் முதுகில் விழுந்தது. மாடு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. முன்கைகள் இரண்டும் பீட்ரூட் மாதிரி சிவந்திருக்கும்.

"ஏங்க்கா எனக்கே போட்றீங்க?"

"நீதான ஓட்டை."

"கொஞ்சம் மத்தவங்களுக்கும் போடலாமே."

"ஆடத் தெரிஞ்சவனுக்குப் போட்டா எனக்கு இன்னா தெரியும்?"

ஒருநாள், எப்படி என்று கேட்காதீர்கள், முழங்காலை மடக்கி, கைகளைச் சேர்த்து நான் நின்ற இடத்துக்குப் பந்து தானாக வந்து சேர்ந்தது. முன்கையில் பட்டதும் 'தப்' என்று ஒரு சுத்தமான சத்தம். பந்து நேராக எழும்பி, நெட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் தலைக்கு மேலே மெத்தையில் இறங்குவதுபோல் இறங்கியது. அவன் லிஃப்ட் கொடுக்க, கௌதமன் எகிறி அடிக்க, பாயின்ட். அந்தச் சத்தம் இரண்டு நாள் என் கையிலேயே இருந்தது. ரயிலில் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் கைகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து இடம் கொடுத்தார். அக்கா பாராட்டினாரா என்றால், இல்லை. அடுத்த பந்தையும் எனக்கே போட்டார், இன்னும் வேகமாக.

கௌதமன் எங்கள் பக்கத்தின் தூண். நல்ல உயரம். அவன் எகிறினால் எதிர்ப்பக்கம் கண்ணை மூடிக்கொள்ளும். வாரநாட்களில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அவன் வண்டியில்தான் போவார்கள், என் மகளும்தான். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டுக்கு அவள் தினமும் சண்டை போடுவாள்.

ஆடுவதற்கு முன்னால் எல்லாருடைய சாவியையும் மாட்டிவைக்க மைதானத்தில் ஒரு பலகை உண்டு. பழைய ஷாஃப்ட் வாசலில் டோக்கன் தொங்கிய பலகை. சுரங்கத்தில் டைம்கீப்பராக இருந்தவர் பழைய இரும்புக் கடையிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்து நெட் கம்பத்தில் கட்டியது. அவர்தான் ஸ்கோரும் சொல்வார். அந்தக் காலத்தில் கீழே இறங்கியவனின் டோக்கன் பலகையில் தொங்கும். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். தொங்கிக்கொண்டே இருந்தால் ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று அர்த்தம். இப்போது பைக் சாவிகளும் வீட்டுச் சாவிகளும் தொங்கும், நடுவில் மஞ்சள் கயிறு கட்டிய வேன் சாவி.

அந்த வருஷம் மழை குறைந்துவந்த சமயத்தில் என் ஆட்டம் திடீரென்று முன்னேறியது. கௌதமன் நடுவில் நிற்பான், நான் அவனுக்கு இடது பக்கத்தில். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வரும் பந்துகளை நான் ஓடி ஓடி எடுக்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அவன் ஒரே எட்டில் வந்து எடுத்துவிடுவான். இப்போது பேசாமல் நிற்கிறான். சரி, நம்மை நம்பி விட்டுக்கொடுக்கிறான் என்று நினைத்தேன். வீட்டில் இதைச் சொல்லி, இரண்டாவது முறை சாம்பார்கூடக் கேட்டு வாங்கினேன்.

அக்கா அப்படி நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு அவர் சர்வீஸ் போட வந்தார். பார்வை ஆரம்பித்தது. என்னிடம் வந்தது. நான் முழங்காலை மடக்கினேன். பார்வை என்னைத் தாண்டிப் போய், கௌதமனிடம் நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பொறாமை. இத்தனை நாள் நம் மேலேயே வந்த பந்து வேறொருவனுக்குப் போகிறதே என்று.

பந்து அவனுடைய இடது தோளுக்கு ஒரு கை தள்ளி விழுந்தது. கௌதமன் நகரவில்லை.

"வெயிலு நேரா கண்ணுல அடிக்குது" என்று சிரித்துக்கொண்டே பந்தை உருட்டிவிட்டான். சூரியன் அக்காவின் தலைக்குப் பின்னால்தான் இருந்தது. நியாயம்தான்.

அடுத்த பந்தும் அதே இடம். அதற்கடுத்ததும். டைம்கீப்பர் ஸ்கோர் சொல்லும் குரல் மெல்ல மெல்லத் தணிந்தது. நடுவில் ஒன்றை அக்கா அவனுடைய வலது பக்கம் போட்டார். அதை அவன் அழகாக எடுத்தான். தரையைத் தொடப் போனதை வாரி எடுத்தான். யாரோ கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை. அடுத்தது மறுபடி இடது பக்கம், விழுந்தது.

அப்போதுதான் நான் அவனைக் கவனித்தேன். பந்தைத் தவறவிடுபவன் எப்படி இருப்பான் என்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. கை தாமதமாகப் போகும், கால் சிக்கும், வாயில் ஒரு கெட்ட வார்த்தை வரும். கௌதமனிடம் இது எதுவும் இல்லை. பந்து மண்ணில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவன் தலை இடது பக்கம் திரும்பியது.

கோர்ட் மாறினோம். இப்போது வெயில் எங்கள் முதுகில். அக்கா கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார். பந்து கிளம்பியது. அது எங்கே வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். இத்தனை வாரமாக எடுத்த பந்துதான் அது. என் கால் தானாகக் கிளம்பியது.

"நீ நகராத."

அக்காவின் குரல். நான் நின்றேன். பந்து எங்கள் நடுவே வந்து விழுந்தது. கௌதமன் நேரே பார்த்துக்கொண்டு, கைகளைச் சேர்த்துத் தயாராக, இன்னும் வராத ஒரு பந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

என் முன்னேற்றம் என்பது என்ன என்று அப்போது எனக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. வண்டிக்கும் இடது பக்கம் உண்டு. பிள்ளைகள் இறங்குகிற பக்கம் அது.

"போதும்க்கா" என்றான் கௌதமன். "ஆளக் குறி வச்சி ஆடுறதுக்குப் பேரு ஆட்டமா? நான் வரல." நேராகப் பலகைக்குப் போய் மஞ்சள் கயிற்றைப் பிடித்து இழுத்தான். சாவி அவன் கைக்கு வந்தது.

அக்கா நெட்டுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். பலகையிலிருந்து திரும்பிய அவன் எதிரே நின்றார்; நானும் அவனுக்கு இடது பக்கமாகப் போய் நின்றேன். வழியில் கிடந்த பந்து இப்போது அவர் கையில்.

"கண்ண டாக்டராண்ட காட்டுனியா?"

"வெயிலுன்னு சொன்னேன்ல."

"வெயிலு முதுகுல இருந்துச்சி. போன வாரம் உங்க வீட்டாண்ட வந்து தனியா கேட்டப்பவும் வெயிலுன்னுதான் சொன்ன. அன்னிக்கு மழை."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரிக்கவில்லை.

"காட்டுனா இன்னா சொல்லுவாங்கன்னு தெரியாதா? வண்டிய வுடுன்னுவாங்க. வுட்டுட்டு?" என்றான் கௌதமன். "எத்தினி வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா? கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன் நான்."

"அதத்தான் கேக்குறேன்."

அவன் பிடியில் சாவியின் மஞ்சள் கயிறு விறைத்து நின்றது. அடித்துவிடுவானோ என்றுகூட எனக்குப் பயமாக இருந்தது. அடித்தால் நடுவில் விழவேண்டியவன் நான்தான், இடம் அப்படி.

"எம் மூஞ்சியப் பாரு" என்றார் அக்கா. "மூக்கப் பாரு. கண்ண நகத்தாத."

அவன் பார்த்தான். அக்கா பந்து இருந்த கையை அவனுடைய இடது பக்கமாக மெதுவாக நீட்டினார். நீட்டிக்கொண்டே வந்து, பக்கத்தில் நின்ற என் வயிற்றின்மேல் பந்தை வைத்து அழுத்தினார். நான் வாங்கிக்கொண்டேன். வெறும் கை இன்னும் கொஞ்சம் நீண்டு, காற்றில் அப்படியே நின்றது.

"என் கையில இன்னா கீது?"

"இது இன்னாக்கா சின்னப் பிள்ள ஆட்டம்."

"சொல்லு."

"பந்து."

காற்று மேட்டுப் பொடியைத் தூக்கிக்கொண்டு எங்கள் காலடியில் ஓடியது. டைம்கீப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். யாரும் பேசாததிலிருந்தே கௌதமனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். முதலில் அக்காவின் கை. விரல்கள் விரிந்து, காலியாக. பிறகு என் வயிற்றோடு அணைத்திருந்த பந்து. பிறகு என் முகம். என் மகள் உட்காரும் சீட்டு எது என்று அவனுக்கும் தெரியும்.

அக்கா கையை இறக்கவே இல்லை.

கௌதமன் சாவியைப் பார்த்தான். திரும்பிப் போய் அதே கொக்கியில் மாட்டினான். கொக்கியைத் தேட அவன் தலையை நன்றாக இடது பக்கம் திருப்பவேண்டியிருந்தது. பிறகு எங்கள் ஒருவரையும் பார்க்காமல் தன் வீட்டுப் பக்கம் நடந்து போனான். மைதானம் காலியான பிறகும் பலகையில் அந்த ஒரு சாவி தொங்கியது. "ஆளு இன்னும் மேல வர்ல" என்று சொல்லிக்கொண்டு டைம்கீப்பர் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் கௌதமனின் மச்சான் வந்து சாவியை எடுத்துப்போனான்.

மறுநாள் அவனைக் கோலாரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அக்காதான். கம்பெனிக்கு லீவு போட்டிருந்தார். வழி முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பக்கப் பார்வையைத் தின்றிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார்கள். இடது பக்கம்தான் அதிகம் போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் போனதே அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிய ஆரம்பித்தபோது பயந்துவிட்டான்.

மச்சான் வண்டியை ஓட்ட, கௌதமன் கதவருகே நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்கினான். அக்காவைப் பார்த்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போனான். ஊரிலும் இரண்டு கட்சி. "அத்தினி பேர் முன்னால ஒரு ஆம்பளய அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்று என் மனைவியே சொன்னாள். சொல்லிவிட்டு மகளின் தலையைத் தேவைக்கு அதிகமான நேரம் வாரிக்கொண்டிருந்தாள். அக்காவிடம் நான் இதைச் சொன்னபோது, ரயில் ஜன்னல் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே, "அவன் பேசாட்டி பர்வாயில்ல" என்றார். நெடுநேரம் தட்டிக்கொண்டே வந்தார்.

இப்போது அவர் கம்பெனி மாறி, மகனோடு ஓசூரில் இருக்கிறார். அங்கே யாருடைய சட்டையில் அம்பு ஒட்டுகிறாரோ தெரியாது. அவர் போவதற்கு முன்னால் நடந்த ஒரு காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

குளிர் விடும் சமயம். கௌதமன் ஒரு ஞாயிறு தானாக மைதானத்துக்கு வந்தான். அவனுக்கு இப்போது பலகையில் மாட்டச் சாவி இல்லை; சொட்டு மருந்து பாட்டிலை ஒரு பையில் போட்டு மாட்டினான். நாங்கள் எங்களுக்குள் பேசி, அவனை இடது கோடியில் நிறுத்தினோம். அவனுக்கு இடது பக்கம் கோடு மட்டும்தான். எந்தப் பந்து வந்தாலும் வலது பக்கமாகத்தான் வரவேண்டும். பெரிய மூளை வேலை செய்துவிட்ட திருப்தியில் நாங்கள் நின்றோம். நான் நடுவில்.

அக்கா வந்தார். துப்பட்டாவை முடிந்தார். பார்வை ஆரம்பித்தது. முதலில் கௌதமன். அங்கேயே நின்றுவிட்டது.

"வேணாங்க்கா" என்று டைம்கீப்பர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பந்து வந்தது. கோட்டை ஒட்டி, அவனுக்கு இடது பக்கம், எங்கள் மூளை வேலையைச் சுற்றிக்கொண்டு. நான் அசையவில்லை. அசையக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் மூச்சும் அசையவில்லை. கௌதமன் தலையைப் பறவை மாதிரி ஒரு வெட்டு வெட்டித் திருப்பினான். அக்கா கையை ஓங்கும்போதே திருப்பியிருக்கிறான். ஒரு கால் பின்னால் போனது. கைகள் சேர்ந்தன.

'தப்.'

பந்து நேராக மேலே போனது. அதற்கப்புறம் யார் லிஃப்ட் கொடுத்தார்கள், யார் அடித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா, "ம்" என்றார். மாதக்கணக்கில் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

பந்து மறுபடி அவர் கைக்குப் போனது. அவர் கோட்டுக்குப் பின்னால் நின்றார். பார்வை கிளம்பியது. கௌதமனிடம் வந்தது. நிற்கவில்லை. தாண்டியது.

என்னிடம் வந்து நின்றது.

என் வயிறு கேஜில் ஏறிக் கீழே போனது. அவ்வளவு சந்தோஷமாக அது அதற்கு முன்னால் இறங்கியதே இல்லை.